இரட்டைவால் கொடியும் அந்திமாயனும்

முன்னொரு காலத்தில், கடலுக்கு இப்போதிருப்பதைவிடக் கொஞ்சம் வாய் அதிகமாக இருந்த காலத்தில், திரைப்பட்டினம் என்று ஓர் ஊர் இருந்தது. அலை வந்து கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். அந்தக் கோட்டை நம்முடையது அல்ல. டென்மார்க் என்கிற குளிர் தேசத்து ராஜாவுடையது. ராஜா இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கப்பலில் வந்தால் மாசக்கணக்கில் ஆகும், வெயில் வேறு. அதனால் தனக்குப் பதிலாக ஒரு கொடியை அனுப்பியிருந்தார்.

சிவப்புத் துணி, குறுக்கே வெள்ளைச் சிலுவை. ஒரு போர்க்களத்தில் வானத்திலிருந்து விழுந்த கொடி என்று அந்த தேசத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வானத்திலிருந்து விழுந்ததோ, தறியிலிருந்து இறங்கியதோ, அந்தக் கொடிக்கு இருந்த சட்டதிட்டம் ஒரு மாமியார் வீட்டில்கூட இருக்காது. ராஜாவின் கொடிக்கு நுனியில் ஒரு வெட்டு இருக்கும், வால் இரண்டாகப் பிரியும். வியாபாரிகளின் கப்பல் கொடிக்கு வெட்டு கிடையாது, நுனி நேராக முடிந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் முதலாவதை இரட்டைவால் என்றார்கள், அடுத்ததை மொட்டைவால் என்றார்கள். மொட்டைவாலுக்கு உரியவன் இரட்டைவாலை ஏற்றினால் சிறைதான். பெரிய மனிதர் யாராவது இறந்தால் கொடி பாதிக் கம்பத்தில் நிற்கும். எப்போதும் அது மண்ணில் படக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. சூரியன் விழுவதற்குள் கொடி இறங்கிவிட வேண்டும். இருட்டில் பறக்கும் கொடி சாத்தானுக்குச் செய்கிற மரியாதை என்று அந்தக் குளிர் தேசத்தில் ஒரு பயம்.

நம் ஊர்க் கடலில் சாத்தான் இல்லை, அந்திமாயன் இருந்தான். கடலடியில் குடியிருக்கும் மந்திரவாதி. மீனைக் கல்லாக்குவான், கல்லை நுரையாக்குவான், நுரையை மறுபடி மீனாக்குவான். இவ்வளவு வித்தை தெரிந்தும் ஒரே ஒரு குறை. அவனுக்கு யாரும் ஒரு கும்பிடு போட்டதில்லை. ராஜாவுக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள், துரைக்குத் தொப்பியைக் கழற்றுகிறார்கள், தனக்கு மட்டும் ஒன்றுமில்லையே என்று வெந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அந்தியிலும் தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் கோட்டைக் கம்பத்தைப் பார்ப்பான். கொடி இறங்கியிருக்கும். மறுபடி முங்கிவிடுவான்.

அந்தக் கொடியை ஏற்றி இறக்குகிறவன் குழந்தைவேலு. அவன் மனைவி தையல்நாயகி கோட்டைக்கு வெளியே, மீன்காரத் தெருவில், கப்பல்களுக்குப் பாய் தைத்துக் கொடுப்பவள். பேரிலேயே தையல் இருக்கிறதே என்று ஊரே கேலி செய்து ஓய்ந்துவிட்டது. கோட்டைக் கொடி கிழிந்தாலும் அவள்தான் தைப்பாள். கடல் காற்றில் அந்த இரண்டு வால்நுனிகளும்தான் முதலில் பிரியும், சிணுங்கல் பிள்ளை மாதிரி வாரம் ஒருமுறை ஊசி கேட்கும்.

ஒருநாள் சாயங்காலம் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. ராஜாவின் கப்பல். கோட்டைக்குத் தலைவர் ஓலுஃப் என்பவர், நம் ஊர் வாயில் ஓலுப்பு துரை ஆகிவிட்டார். துரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனையோ மாதம் கழித்து ராஜாவின் ஆட்கள் வருகிறார்கள், கம்பம் மொட்டையாக நின்றால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை.

சூரியன் பனைமர உயரத்தில் இருந்தபோது குழந்தைவேலு கயிற்றை அவிழ்க்கட்டுமா என்று கேட்டான். கப்பல் கிட்ட வரட்டும் என்றார் துரை. சூரியன் கூரை உயரத்துக்கு இறங்கியபோது மறுபடி கேட்டான். இன்னும் கொஞ்சம் என்றார். சூரியன் மண்ணைத் தொட்டபோது மூன்றாவது முறை கேட்டான். துரை கண்ணில் வைத்த தூரக்கண்ணாடியை எடுக்கவேயில்லை.

நம் கரையில் சூரியன் ஊருக்குப் பின்னால் விழும், இருட்டு கடலிலிருந்து எழும். அன்றும் அப்படியே எழுந்தது. இருட்டோடு சேர்ந்து அந்திமாயனும் எழுந்தான்.

தலையில் சிப்பிக் கிரீடம், தோளில் பாசிச் சால்வை. சுவரைத் தாண்டி உள்ளே வந்து கம்பத்தடியில் நின்றான். மேலே இரட்டைவால் படபடத்தது.

"யார் ஏற்றிய கொடி? யாருக்காக ஏற்றிய கொடி?" என்று கேட்டான்.

பயத்தில் யாருக்கும் நாக்கு எழவில்லை. துரைக்கும் எழவில்லை.

"பதில் இல்லை. அப்படியானால் எனக்காகத்தான் ஏற்றியிருக்கிறீர்கள்" என்றான் அந்திமாயன். அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "ராஜமரியாதை, இன்றைக்கு ஒன்று. மூன்று அந்திகள் இது நடந்தால் இந்தக் கொடிக்குக் கீழே இருப்பதெல்லாம் எனக்குச் சொந்தம்."

கோட்டைக்குள் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் பாதத்திலிருந்து முழங்கால்வரை உப்பாகிவிட்டது. வெள்ளை வெளேரென்று உப்பு. நடக்க முடியாது, நகர முடியாது. கொடிக்கயிறு இரும்பாக விறைத்துக்கொண்டது. அதைப் பிடித்தபடியே குழந்தைவேலு நின்றான்.

வீட்டுக்கு வர வேண்டிய மனிதர் வரவில்லை என்று ஓடிவந்த தையல்நாயகி விடியும்வரை சாத்திய கோட்டைக் கதவுக்கு வெளியே நின்றாள். காலையில் ஊர்க்காரர்கள் கதவை நெம்பித் திறந்தார்கள். உள்ளே பார்த்ததும் பாதிப்பேர் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் நேராகப் புருஷனிடம் போய் அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலில் உப்பு ஒட்டியது.

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே. காலு இருக்குறதே தெரியல, தையலு."

அழுவதற்கு நேரமில்லை, இன்னும் இரண்டு அந்திகள்தான். இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறினாள். கம்பத்தில் கால்வைக்க முளைகள் உண்டு, ஆனாலும் தலைசுற்றும் உயரம். உயரம் என்றாலே அவளுக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டே ஏறினாள், மூடிய கண்ணோடே பிள்ளையாரையும் அம்மனையும் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

கொடியை அறுத்துச் சுருட்டி, மண்ணில் படாமல் கீழே கொண்டுவந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கயிற்றில் கத்தியை வைத்தாள், கத்தி மழுங்கியது. துணியில் வைத்தாள், கத்தி உடைந்தது. பல்லால் கிழித்துப் பார்த்தாள், பல்தான் ஆடியது. கொடியை இறக்கவோ அறுக்கவோ கிழிக்கவோ முடியாதபடி அந்திமாயன் கட்டு போட்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் கை சும்மா இருக்கவில்லை. வால்நுனி பிரிந்திருந்ததைப் பார்த்து, கொண்டையில் செருகியிருந்த ஊசியை எடுத்து இரண்டு தையல் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். பழக்கதோஷம்.

அன்று சூரியன் சாய்வதற்கு முன்பே குழந்தைவேலு அவளைப் போகச் சொன்னான். அவள் நகரவில்லை. கோபமாகச் சொன்னான், நகரவில்லை. கடைசியில், நீயும் உப்பாகிவிட்டால் என்னைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை.

சூரியன் ஊருக்குப் பின்னால் விழுந்தது, இருட்டு கடலிலிருந்து எழுந்தது. யார் ஏற்றிய கொடி, யாருக்காக ஏற்றிய கொடி என்று உள்ளே அந்தக் குரல் கேட்டது. இந்த முறையும் யாரும் பேசவில்லை. கதவுக்கு வெளியே தையல்நாயகி காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் உப்பு கழுத்துவரை ஏறியிருந்தது.

அது போதாதென்று கிழக்கே மேகம் கட்டியது. மழை வந்தால் உப்பு கரையும். தெருவுக்கு ஓடி, தைத்து வைத்திருந்த கப்பல் பாய்களையெல்லாம் இழுத்துவந்து ஒவ்வொருவர் மேலும் போர்த்தினாள். முதல் தூறல் விழுந்தபோது கடைசிச் சிப்பாயின் தலையை மூடிக்கொண்டிருந்தாள். பெரிய மழை வரவில்லை. ஆனால் எந்த நிமிஷமும் வரலாம் போல வானம் முறைத்துக்கொண்டே நின்றது.

"அக்கா, நான் நனையுறேனே, எனக்கு ஒரு பாய் கெடையாதா?" என்று ஒரு குரல் கேட்டது.

கம்பத்தின் உச்சியில் ஓர் இரட்டைவால் குருவி. கன்னங்கரேல் என்று, பருந்தையே விரட்டுகிற திமிரோடு உட்கார்ந்திருந்தது. பேசுகிற குருவியா என்று ஆச்சரியப்படுகிற நிலைமையில் அவள் இல்லை.

"எறங்கி வா, ஒதுங்கிக்க. அந்தக் கொடிய அவன் ஏன் விட மாட்டேங்குறான்னு உனக்காவது தெரியுமா?"

"அவனுக்குக் கொடி எதுக்கு? அவன் ரெண்டு அந்தியும் வந்து பாக்குறது வால மட்டுந்தான். நானே பாத்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறான். வாலு ரெண்டு இருந்தாத்தான அக்கா ராஜமரியாத. உங்க ராஜாவே என்னப் பாத்துத்தான் அந்த வெட்டப் போட்டாரு" என்று குருவி தன் வாலை விரித்துக் காட்டியது.

தையல்நாயகி கொடியை அண்ணாந்து பார்த்தாள். கத்தி உடைந்த அதே துணியில் நேற்று தன் ஊசி இறங்கியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடுப்பதற்கும் கிழிப்பதற்கும்தான் அந்திமாயன் கட்டு போட்டிருக்கிறான். சேர்த்துத் தைப்பதற்கு அவன் கட்டு போடவில்லை. ஒரு மந்திரவாதிக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

அந்த வெட்டை அடைத்துவிட்டால் இரட்டைவால் மொட்டைவால் ஆகிவிடும்.

நேராக ஓலுப்பு துரையிடம் போய்ச் சொன்னாள். கழுத்துவரை உப்பாக நின்றவருக்கு முகம் சிவந்துவிட்டது. ராஜாவின் கொடியை மளிகைக்காரன் கொடியாக்குவதா, ராஜாவின் கொடியில் வாலை எடுப்பவருக்குக் கை போகும், செய்யச் சொன்னவருக்குத் தலை போகும், கப்பல் வேறு வெளியே நிற்கிறது, கூடவே கூடாது என்றார். துரை வேறு பக்கம் பார்க்க முயன்றார். அவர் கழுத்து திரும்பிய பக்கத்தில் குழந்தைவேலு நின்றான். கயிற்றைப் பிடித்த கையும் தோளும் உப்பு. மூன்று முறை கேட்ட அந்த வாய் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. அது ஒன்றும் கேட்கவில்லை.

துரை தணிந்த குரலில் கேட்டார், "சிவப்புத் துணி இருக்கா உன்கிட்ட?"

"இல்லீங்க, தொரை. பாய்த்துணிதான் இருக்கு, வெள்ள."

"என் அறையில என் சிவப்பு அங்கி தொங்குது. கப்பல வரவேற்கப் போட்டுக்கலாம்னு எடுத்து வெச்சது. அத வெட்டிக்க."

அவள் வெட்டினாள். கீழேயே உட்கார்ந்து மேலே ஒரு சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே ஒரு சிவப்பு என்று சேர்த்து, வெட்டின் அளவுக்கு ஒரு முக்கோணம் தைத்தாள். அதற்குள் உச்சிவெயில் தாண்டிவிட்டது. முக்கோணத்தை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டே கம்பத்தில் ஏறினாள். காற்று கொடியைப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தது. முழங்காலுக்கு நடுவே ஒரு வாலை இடுக்கிக்கொண்டாள். இன்னொரு வாலைக் குருவி அலகால் பிடித்துக்கொண்டது.

கப்பல் பாய் தைக்கிற நெருக்கத் தையல். அவசரத்துக்குப் பெருந்தையல் போட்டால் காற்றே பிய்த்துவிடும் என்று அவளுக்குப் பயம். நெருக்கமாகப் போட்டால் நேரம் போய்விடுமே என்று அதைவிடப் பயம். ஓர் ஓரம் முடிந்தபோது சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. அடுத்த ஓரத்தில் பாதி முடிந்தபோது கூரை உயரத்துக்கு வந்துவிட்டது. கீழேயிருந்து குழந்தைவேலு அவளை இறங்கி ஓடிவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் காதில் விழுந்தது. இறங்கினால் கைவேலை அரைகுறையாக நிற்கும், அவன் முழுசாக உப்பாகிவிடுவான். ஊசி விரலில் இரண்டு முறை ஏறியது, அவள் உதறிவிட்டுத் தைத்தாள்.

இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கும்போது சூரியன் ஊருக்குப் பின்னால் விழுந்தது, இருட்டு கடலிலிருந்து எழுந்தது.

அந்திமாயன் இந்த முறை மணமாலை போல முத்துச்சரம் போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது மரியாதை அல்லவா. கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். மேலே மங்கல், வாலருகே யாரோ ஒருத்தி உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் ஏற்றிய கொடி?" என்று கேட்டான்.

இதுவரை யாரும் பதில் சொல்லாத கேள்வி. தையல்நாயகி ஊசியை நிறுத்தவில்லை.

"என் வீட்டுக்காரரு ஏத்துனதுங்க" என்றாள். சொல்லும்போதே நாலு தையல் போட்டாள்.

அந்திமாயன் திகைத்தான். பதில் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"யாருக்காக ஏற்றிய கொடி?"

அவள் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, கொடியைக் கைவிட்டாள். காற்று அதை விரித்துக் காட்டியது.

"யாருக்காகவும் இல்லீங்க. நல்லாப் பாருங்க, இது மொட்டவாலு. மொட்டவாலு யாருக்கும் மரியாத செய்யாது. பாய்த்துணி, கருவாடு இங்க கெடைக்கும்னு சொல்லும், அவ்வளவுதான். எறக்க மறந்துட்டோம். உங்களுக்கு என்ன வேணும்?"

அந்திமாயன் எண்ணினான். ஒன்று. மறுபடி எண்ணினான். ஒன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினான். ஒன்றுதான்.

"எனக்காக இல்லையா?" என்று கேட்டான். கேட்டபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் கழுத்துவரை உப்பேறிய குழந்தைவேலுவிடம் அந்த இரக்கத்தைக் கேட்காதீர்கள்.

மந்திரவாதிகள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ராஜமரியாதை மூன்று என்று அவனே சொல்லியிருந்தான். மூன்றாவது நடக்கவில்லை. முத்துச்சரம் நுரையானது, பாசிச் சால்வை நுரையானது, சிப்பிக் கிரீடம் நுரையானது. நுரையோடு நுரையாகச் சுவரைத் தாண்டி வழிந்து கடலில் கலந்துவிட்டான். இரும்பாயிருந்த கயிறு கயிறானது. கொடி சர்ரென்று இறங்கியது. குழந்தைவேலுவின் தோளிலிருந்து உப்பு பொலபொலவென்று உதிர, இரண்டு கையையும் நீட்டி அது மண்ணில் படாமல் ஏந்திக்கொண்டான்.

தையல்நாயகி இறங்கி வந்து அவனைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள்.

அத்தோடு விட்டதா? இல்லை. காலையில் கப்பல் வந்தது. இருட்டில் பறந்த கொடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பீரங்கியைத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தது. கப்பல் தலைவர் வீத்தூஸ் சிரித்தே பழக்கமில்லாதவர். ராஜாவின் கொடியை விரிக்கச் சொன்னார். விரித்தார்கள். வால் இருந்த இடத்தில் வால் இல்லை.

"இதில் ஊசி வைத்தது யார்?" என்றார்.

தையல்நாயகி ஓரடி முன்னால் வந்தாள். அவள் கையைக் குழந்தைவேலு இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தக் கைதான் போகப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார் ஓலுப்பு துரை. ராஜாவின் ஆளை வரவேற்கிற நேரத்தில் மேலங்கி இல்லாமல், வெறும் சட்டையோடு நின்றார்.

"உம்முடைய அங்கி எங்கே?" என்று கேட்டார் வீத்தூஸ்.

"அந்தக் கொடியில் இருக்கிறது. நான் கொடுத்துத்தான் அவள் தைத்தாள். இறக்கட்டுமா என்று இவன் மூன்று முறை கேட்டான். உங்கள் கண்ணில் படவேண்டும் என்று நான்தான் இறக்கவிடவில்லை" என்றார் துரை.

பிறகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். வீத்தூஸ் கொடியைக் கையில் எடுத்து அந்த நெருக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னார், நுனி நேராக இருக்கிற கொடி ராஜாவின் கொடி அல்ல, அதில் யார் ஊசி வைத்தாலும் ராஜாவுக்கு வழக்கு இல்லை என்று. துரைக்கு மட்டும், புது அங்கி வரும்வரை சட்டையோடேயே எல்லாரையும் வரவேற்க வேண்டும் என்று தண்டனை. புது அங்கி வருவதற்குள் அவருக்கு அது பழகிவிட்டது.

கோட்டையையே காப்பாற்றியவளுக்கு என்ன வேண்டும் என்று வீத்தூஸ் கேட்டார். பட்டா, பவழமா, அந்த மொட்டைவாலை அவள் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும் உரிமையா?

"அதெல்லாம் வேணாங்க. சூரியன் பனமர ஒசரத்துல இருக்கும்போதே கொடி எறங்கிடணும். எவருக்காகவும் காத்திருக்கக் கூடாது. உங்க ராஜாவே வந்து நின்னாலும் சரி" என்றாள் தையல்நாயகி.

அப்படியே ஆகட்டும் என்றார் வீத்தூஸ். அன்றிலிருந்து திரைப்பட்டினத்தில் ராஜாவின் புது இரட்டைவால் வெயில் இருக்கும்போதே இறங்கியது. இறக்கி மடித்து வைத்துவிட்டுக் குழந்தைவேலு வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் நன்றாக வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், பாய் தைத்தார்கள். ஆனால் தெருக்கோடியில் அவன் வருவது தெரிந்தால் தையல்நாயகி முகத்தைப் பார்க்க மாட்டாள், முதலில் அவன் காலைத்தான் பார்ப்பாள். சாகும்வரை அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர்கள் கதை அங்கே நிற்கட்டும், நம் வீட்டைக் கவனிப்போம். பொழுது சாய்கிறது, வாசல் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தால் எழுந்து போய் எடுத்து வையுங்கள். யார் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.